ஊரார் முறைக்கும் காவல் போனவன்

யானை வயலுக்குள் இறங்கினால் தின்பது கொஞ்சம், மிதிப்பது அதிகம். அதனால் துணுக்காய்ப் பக்கத்தில், ஒரு குளத்தின் கீழ் வயல் செய்கிற குடும்பங்கள் காவலுக்கு முறை வைத்திருக்கிறார்கள். ஓர் இரவுக்கு இரண்டு வீட்டார். காட்டோர மேட்டில் ஒரு காவல் கொட்டில், ஒரு பெரிய டோர்ச் லைட், ஒரு பெட்டி யானைவெடி, தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல். முறைக்காரன் போகாவிட்டால் விடிந்ததும் ஊர் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும். காய்ச்சல், கலியாணம், செத்தவீடு என்று சாட்டுச் சொல்லி நழுவுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. யோகலிங்கம் அந்தச் சாதியில்லை. தன் முறைக்கும் போவான், அடுத்தவன் முறைக்கும் போவான். "நீங்கள் கிடவுங்கோ அண்ணை, நான் பாக்கிறன்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவான்.

பெரும்போகத்துக்கு நெல், சிறுபோகத்துக்குக் கச்சான் கடலையும் பயறும் என்று வருடம் முழுக்க யானைக்கு அங்கே ஏதாவது வேலை இருந்தது. ஆகவே யோகலிங்கத்துக்கும் இருந்தது. மூன்று வருடமாக அவன் வீட்டில் படுத்த இரவுகள் குறைவு. ஊரில் நல்ல பெயர். பிள்ளைகளுக்குக்கூட அவனைக் காட்டி, "உந்த மாமாவாலதான் நாங்கள் சோறு தின்னுறம்" என்று சொன்னார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வான். அடக்கம் என்று ஊர் நினைத்தது. அடக்கமாவது மண்ணாவது. மற்றவர்கள் யானைக்குப் பயந்து காட்டைப் பார்த்தவர்கள். யோகலிங்கம் வீட்டுக்குப் பயந்து காட்டைப் பார்த்தவன்.

வீட்டில் இருந்த சிவரூபி சண்டைக்காரி இல்லை. அதிர்ந்து ஒரு சொல் சொல்லாத பெண். பத்து வயதில் லக்சிகா என்று ஒரு மகள், நான்கு பசு, முற்றத்தில் ஒரு முருங்கை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத குடும்பம். குறை அவனுடைய உடம்பில் இருந்தது.

நாற்பது தாண்டியதும் அது தொடங்கியது. ஒரு நாள் கட்டிலில் உடம்பு சொல்வழி கேட்கவில்லை. அறுவடை அலுப்பு என்று நினைத்தான். இன்னொரு நாளும் கேட்கவில்லை. பிறகு ஆசையே வற்றிக்கொண்டு வந்தது. பகலில் களை பிடுங்கக் குனிந்தால் நிமிர மனம் வராது. சின்ன விசயத்துக்கும் எரிச்சல். வயிறு மட்டும் முன்னுக்கு வந்தது. இதை யாரிடம் சொல்வது? ஆண்பிள்ளைக்குக் கால் முறிந்தால் ஊரே வந்து பார்க்கும். இதற்கு யார் வருவார்கள்? வந்தால் சிரிக்கத்தான் வருவார்கள் என்று அவன் நினைத்தான். அதனால் சிவரூபி பக்கத்தில் வந்து படுக்கிற நேரம் கண்ணை இறுக மூடிக்கொண்டு குறட்டை விடப் பழகினான். நல்ல குறட்டை. பக்கத்து வீட்டு நாயே நம்பும்.

அவள் ஒருமுறைதான் கேட்டாள். "இஞ்சாருங்கோ, என்னில ஏதும் கோவமோ?"

"சீச்சீ. வயல் அலுப்பு."

அடுத்த நாள் பழனியாண்டியின் முறை. பழனியாண்டி மலையகத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். பக்கத்துக் காணிக்காரர், முட்டிவாதக்காரர். யோகலிங்கம் அவர் வீட்டுப் படலையில் போய் நின்று, "இண்டைக்கு நீங்கள் படுங்கோ அண்ணை" என்றான். அப்படித்தான் தொடங்கியது அந்தப் பெரிய தியாகம்.

இனிச் சொல்லப்போவதுதான் யோகலிங்கத்தின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சிவரூபியின் உடம்பில் ஒரு தழும்பு உண்டு. கடைசி யுத்தத்தில், தறப்பாள் கொட்டிலில் தீப்பிடித்தபோது வந்தது. வலது கழுத்தடியில் தொடங்கி, தோளையும் நெஞ்சையும் சுற்றி இடுப்பு வரைக்கும் இறங்கிய தழும்பு. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. கலியாணம் பேசி வந்தபோது அவளே சித்தியை அனுப்பி அவனிடம் சொல்லச் சொன்னாள், பிறகு குறை சொல்லக் கூடாது என்று. யோகலிங்கம் சிரித்தான். "என்ர தொடையிலயும் ஒரு துண்டு இரும்பு கிடக்கு, எடுக்கேலாதெண்டு விட்டிட்டாங்கள். அதுக்கும் இதுக்கும் சரி எண்டு சொல்லுங்கோ" என்றான்.

சொல்லோடு நிற்கவும் இல்லை. கலியாணமான புதிதில் அந்தத் தழும்பை அவன் வன்னிப் படமாக்கி வைத்திருந்தான். கழுத்தடி பூநகரி, தோள்மூட்டு கிளிநொச்சி. அதிலிருந்து நேரே கீழே இறங்கினால் மாங்குளம், இடுப்பில் வவுனியா. நெஞ்சோரம் சின்னதாய்ச் சுருண்டிருக்கிற இடம் துணுக்காய். விரலால் பஸ் ஓட்டிக்கொண்டு போய்த் துணுக்காயில் நிறுத்தி, "எங்கட வீடு வந்திட்டுது, இறங்கு" என்பான். அவள் சிரித்துக்கொண்டு கையைத் தட்டிவிடுவாள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவன் அன்று வாழ்ந்தான்.

இப்போது பஸ் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அவன் சொல்லவும் இல்லை. அவள் என்ன நினைப்பாள்? முதலில் குட்டைக் கை பிளவுஸுகள் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போயின. கழுத்து மூடிய நீளக் கைச் சட்டை வந்தது. வெயில் கொதிக்கிற சித்திரையிலும் அதுதான். கிணற்றடியில் குளித்தவள் தட்டி கட்டி உள்ளே குளித்தாள். பிறகு அலுமாரிக் கண்ணாடியின் மேல் ஒரு பழைய சீத்தைத் துணி தொங்கியது. கேட்டதற்கு, "லக்சிகா எந்த நேரமும் கண்ணாடிக்கு முன்னாலதான் நிக்கிறாள். படிக்கட்டும்" என்றாள்.

யோகலிங்கம் மடையன் இல்லை. துணி ஏன் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். ஒரு சொல் போதும் அந்தத் துணியைக் கழற்ற. "பிழை உன்னில இல்லை, என்னிலதான்." அவ்வளவுதான். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வரும், பிறகு சைக்கிள் ஏறிப் போய்விடும். அவள் தன்னுடைய உடம்பைக் குறை நினைத்துக்கொண்டிருப்பது, அவனுடைய உடம்பின் குறையை அவள் அறிவதைவிட அவனுக்கு வசதியாக இருந்தது. சொல்லவே நாக் கூசுகிற காரியம். அவன் அதற்குள் மூன்று வருடம் குடியிருந்தான்.

வைத்தியம் செய்யாமல் இருந்தானா என்றால், இல்லை. கள்ளமாகச் செய்தான். கொட்டிலில் மற்ற வீட்டுக்காரன் நித்திரையான பிறகு போனில் வீடியோ பார்த்தான். முருங்கைக்காய் நல்லது என்று ஒருவன் சொன்னான். அடுத்த நாளே, "கண்பார்வை குறையுது, கிழமையில நாலு நாளெண்டாலும் முருங்கைக்காய்க் கறி வை" என்று சிவரூபியிடம் சொல்லிவிட்டான். பாவி, அதற்கும் ஒரு பொய். அமுக்கராக் கிழங்குத் தூள் பாலில் போட்டுக் குடிக்கச் சொன்னான் இன்னொருவன். அதுவும் நடந்தது. கடைசியில் கிளிநொச்சியில் ஜிம் வைத்திருக்கிற சுஜிதனிடம் போய், யாரோ சிநேகிதனுக்கு என்று சொல்லி, ஒரு கறுப்பு டப்பாவில் குளிசை வாங்கி வந்தான். டப்பாவில் காளைமாட்டுப் படம் போட்டிருந்தது. அதை யானைவெடிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்து விழுங்கினான். நெஞ்சு படபடத்ததும் முகத்தில் பரு வந்ததும்தான் கண்ட பலன். நாற்பத்து மூன்று வயதில் பரு! "வெயில் சூடு" என்று சிவரூபி சந்தனம் உரைத்துக் கொடுத்தாள்.

பயந்துபோய் ஒரு நாள் வவுனியாவுக்கு வெளிக்கிட்டான். அங்கே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ஓமோன் சோதிக்கலாம் என்று போனில் பார்த்திருந்தான். விடியக் காலையில், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று எழுதியிருந்தது. வீட்டிலிருந்து அந்த நேரத்துக்கு வெளிக்கிட்டால் சிவரூபி எங்கே என்று கேட்பாள். அதனால் இரவு முழுக்கக் காவல் இருந்துவிட்டு, கொட்டிலிலிருந்து அப்படியே ஒரு சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் நேரே போனான். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டான்.

முடிவோடு டொக்டரிடம் போனபோது அவர் பார்த்துவிட்டு, "ரெஸ்ரோஸ்ரரோன் குறைவாத்தான் காட்டுது" என்றார். யோகலிங்கத்துக்குக் கதிரையோடு நிலம் கீழே போவது போல இருந்தது.

"இரத்தம் குடுக்க முதல்நாள் எத்தனை மணிக்குப் படுத்தனீங்கள்?"

"படுக்கேல்லை ஐயா. யானைக்காவல். அங்கயிருந்து நேர வந்தனான்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "எத்தனை நாளைக்கு ஒருக்காக் காவல்?"

"கிட்டத்தட்ட எல்லா நாளும். மூண்டு வருசமா."

"அப்ப நீங்கள் சோதிச்சது உங்கட ஓமோனை இல்லை, நித்திரையில்லாத உடம்பை. இது நித்திரையிலதான் ஊறிவாற சாமான். முழிச்சிருக்கிறவனுக்கு எங்கால ஊறும்? ஒருக்காக் குறைஞ்சிருக்கெண்டு முடிவெடுக்கவும் ஏலாது. வீட்டில ஒரு கிழமையெண்டாலும் ஒழுங்காப் படுத்து எழும்பி, திரும்ப ஒருக்கா விடியக் குடுங்கோ. வேற இரத்தச் சோதினையளும் சேத்துச் செய்வம்."

யோகலிங்கம் காளைமாட்டு டப்பாவை மெல்ல எடுத்து வைத்தான். டொக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள என்ன கிடக்கெண்டு இதில ஒழுங்கா எழுதேல்லை. நிப்பாட்டுங்கோ."

"ஊசி ஏதும் போடலாமோ ஐயா?"

"எடுத்த எடுப்பில ஊசியோ? தேவையில்லாமல் வெளியால குடுத்தா உடம்பு தான் செய்யிற வேலையையும் நிப்பாட்டிப்போடும். முதல்ல நித்திரை. வயித்தைக் குறையுங்கோ. வெத்திலையும், சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் விடியவிடிய வேண்டாம். கன பேருக்கு அதிலயே பாதி சரிவரும். சரிவராட்டிப் பிறகு மருந்தைப் பாப்பம்." எழுதிக்கொண்டே கேட்டார். "மனுசிக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"சொல்லுங்கோ. அவா என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறாவோ தெரியாது."

அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று யோகலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்தான். மருந்து என்று டொக்டர் சொன்னது வீட்டில் படுப்பது. அவன் ஓடுவதே அந்தப் படுக்கையைக் கண்டுதான். கசப்புக் கசாயம் தந்திருந்தால் குடித்திருப்பான், ஊசி என்றால் குத்தியிருப்பான். டப்பாவை வாய்க்காலில் எறிந்தான், சீனியைக் குறைத்தான், வெற்றிலையைக்கூட விட்டான். காவலை விடவில்லை. "இந்த அறுவடை முடியட்டும்" என்றான் தனக்குத் தானே. அறுவடைகள் முடிந்துகொண்டுதான் இருந்தன.

இதற்கிடையில் சிவரூபிக்கு வலது கை ஏலாமல் போனது.

தழும்பு இழுக்கிறது, கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியவில்லை என்றாள். இடக்கையால் தண்ணீர் அள்ளினாள். இடக்கையால் சீப்பைப் பிடித்து மகளுக்குத் தலை இழுத்தாள். கோயிலில்கூட ஒரு கையைத்தான் தூக்கிக் கும்பிட்டாள். பழனியாண்டியின் மனைவி அழகம்மா வந்து மா இடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போனார்கள். தழும்பை வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம், ஆனால் லேசான காரியம் இல்லை, கை உண்மையில் அவ்வளவு இடைஞ்சலாக இருந்தால் செய்யலாம் என்றார்கள். "ஓம், சரியான இடைஞ்சல்" என்றாள் சிவரூபி. அறுவடைக்குப் பிறகு வார்ட்டில் வந்து நிற்கும்படி ஒரு திகதி கொடுத்தார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. விடியப்புறம் கொட்டில் ஒழுகியதால் யோகலிங்கம் வழக்கத்துக்கு முன்னமே வீட்டுக்கு வந்தான். மழை விட்டிருந்தது. படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கியவன் அப்படியே நின்றான். முற்றத்து முருங்கையின் கீழே சிவரூபி நின்றாள். நீளமான கொக்கத்தடி. இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே உயர்த்தி, எட்டி எட்டி முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வலது கை நேராக, வடிவாக, ஒரு இழுவையும் இல்லாமல் வானத்தைப் பார்த்து நின்றது. காலடியில் அவனுடைய கண்பார்வைக்குத் தேவையான முருங்கைக்காய்கள் கிடந்தன.

சைக்கிள் மணி தற்செயலாகத் தட்டுப்பட்டது. சிவரூபி திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை மட்டும் மெல்லக் கீழே இறங்கி மடிந்துகொண்டது. பிறகுதான் திரும்பி, "வந்திட்டியளோ, தேத்தண்ணி போடட்டோ?" என்றாள்.

"ஓம்" என்றான். அவன் சொன்னது அது ஒன்றுதான். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்டால் தானும் சொல்ல வேண்டி வரும். கை ஏலாது என்று அவள் ஏன் நடிக்கிறாள் என்பது வெட்டவெளிச்சம். வடிவுக்காக மட்டும் அந்தப் பெரிய ஒப்பரேசன் செய்யமாட்டார்கள். கை முடியாது என்றால் செய்வார்கள். தழும்பு போனால் புருசன் காவலை விட்டு வீட்டுக்கு வருவான். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. அதற்காக நல்ல தொடையில் தோல் உரிக்கக் கொடுக்கப் போகிறாள். தேத்தண்ணி நாக்கில் பட்டது தெரியாமல் குடித்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுக்கவில்லை, அறுத்தது. அறுத்தும் அன்று பின்னேரம் கொட்டிலுக்குத்தான் போனான்.

அறுவடை முடிந்து கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்தது. தலைவர் வீரகத்திக்கு மைக் கிடைத்தால் பசி தெரியாது. பசளை, வாய்க்கால் எல்லாம் பேசி முடித்துவிட்டு, யோகலிங்கத்தை மேடைக்குக் கூப்பிட்டார். பொன்னாடை ஒன்றை விரித்தார்.

"இந்த மனுசனுக்கு வீடு எண்டு ஒண்டு இருக்கோ எண்டு நான் சில நேரம் யோசிக்கிறனான். தன்ர வீட்டை மறந்து எங்கட வயலைப் பாத்தவர். அவரை எங்களுக்கு விட்டுத் தந்த தங்கச்சிக்கும் நாங்கள் நன்றி சொல்லோணும்!"

கூட்டம் கை தட்டியது. யோகலிங்கம் பெண்கள் பக்கம் பார்த்தான். சிவரூபிக்கு வலது கை ஏலாது அல்லவா, அதனால் இடது உள்ளங்கையால் தன் மடியில் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்புத்தான். கண் மட்டும் நிலத்தைப் பார்த்தது. அந்த நேரத்தில் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று அவன் உண்மையாகவே வேண்டினான். பூமிக்கு வேறு வேலை இருந்தது.

அடுத்த நாள் வீட்டுக்குள் போனவன் அலுமாரியைப் பார்த்தான். சீத்தைத் துணியைத் தோய்க்கப் போட்டுவிட்டு, கண்ணாடியின் மேல் அவள் பொன்னாடையைத் தொங்கவிட்டிருந்தாள். சரிகைக் கரை மடிப்புக் குலையாமல், நாலு பக்கமும் இழுத்துக் குத்தியிருந்தாள்.

"பத்திரமாவும் இருக்கும், வாறவைக்கும் தெரியும்" என்றாள் சிவரூபி.

வார்ட்டுக்குப் போகிற நாள் வந்தது. லக்சிகாவை அழகம்மாவிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினார்கள். சிவரூபியின் மடியில் ஒரு பை: இரண்டு மாற்று உடுப்பு, பிளாஸ்க், கோயில் திருநீறு. மல்லாவி தாண்டி பஸ் குலுங்கிக்கொண்டு போக, கொண்டக்டர் கதவில் தொங்கியபடி, "மாங்குளம்! மாங்குளம்!" என்று கத்தினான். யோகலிங்கத்தின் வலது கைப் பெருவிரல் தானாக அசைந்தது. தோள்மூட்டு கிளிநொச்சி. அதிலிருந்து நேரே கீழே மாங்குளம். அந்த மாங்குளத்தைத்தான் இன்றைக்கு வெட்டக் கொடுக்கப் போகிறார்கள். பிறகு துணுக்காயும் இருக்காது.

மாங்குளம் சந்தியில் இறங்கி யாழ்ப்பாணப் பஸ்ஸுக்காக நின்றார்கள். ஏ-ஒன்பது வீதியில் வாகனங்கள் அடித்துக்கொண்டு போயின. வவுனியாப் பக்கத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் தெரிந்தது. சிவரூபி இடக்கையால் பையைத் தூக்கினாள்.

"ரூபி."

"பஸ் வருது, கையைக் காட்டுங்கோ."

"காட்டமாட்டன். உன்ர கை நல்ல கை. முருங்கைக்காய் புடுங்கேக்க நான் கண்டனான்."

 பஸ் வந்து, வேகம் குறைத்து, யாரும் கை காட்டாததால் போய்விட்டது.

"கண்டதை ஏன் அண்டைக்கே கேக்கேல்லை?" என்றாள் மெல்ல.

"கேட்டா நான் என்ர கதையையும் சொல்லோணும். அந்தப் பயத்தில கேக்கேல்லை." சந்தியில் தேநீர்க் கடைக்காரன் ரேடியோவைக் கூட்டினான். அந்தச் சத்தத்துக்குள் யோகலிங்கம் எல்லாவற்றையும் சொன்னான். நிமிர்ந்து பார்க்காமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். உடம்பு ஏலாமல் போனது, காளைமாட்டுக் குளிசை, முருங்கைக்காய், வவுனியா, டொக்டர் சொன்ன நித்திரை. "பிழை என்ர உடம்பில. உன்ர தழும்பில இல்லை. ஒரு நாளும் இல்லை. நீ அப்பிடி நினைக்கிறாய் எண்டு தெரிஞ்சும் வாயைத் திறக்காமல் இருந்தனான். அதுதான் பெரிய பிழை."

அவள் அழுவாள் என்று நினைத்தான். தன்னைத் தேற்றுவாள் என்றும் ஒரு மூலையில் நினைத்தான், கள்ளன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நீங்கள் பொய்க்குக் குறட்டை விட்டது எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீங்கள்?" என்றாள். "மெய்க் குறட்டை எப்பிடி எண்டு எனக்குத் தெரியாதே? நீங்கள் வீட்டில படுத்த ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு கிடந்தனான். என்னைப் பாக்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார் எண்டு நினைச்சன். பெத்த பிள்ளைக்கு முன்னாலயும் உடுப்பு மாத்த வெக்கப்பட்டன். மூண்டு வருசம். வருத்தம் ஆருக்கும் வரும். நீங்கள் உங்கட வருத்தத்தை என்ர உடம்பிலயெல்லோ வச்சனீங்கள்."

 ஊரார் வயலுக்கெல்லாம் காவல் இருந்தவன், தன் வீட்டில் என்ன மிதிபட்டுக் கிடந்தது என்று அப்போதுதான் முழுசாகக் கண்டான். கண்ணீர் வந்தது. சந்தி என்று பார்க்காமல் துடைத்தான்.

இன்னொரு யாழ்ப்பாணப் பஸ் வந்தது. நின்றது. "யாழ்ப்பாணம், ஏறுங்கோ ஏறுங்கோ!" சிவரூபி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏறிவிடுவாள் என்றுதான் அவன் பயந்தான். ஏறினால் தடுக்க அவனுக்கு என்ன உரிமை? பஸ் உறுமிக்கொண்டு போனது. அவள் பையை வலது கைக்கு மாற்றினாள். வீதியைக் கடந்து, ஊருக்குத் திரும்புகிற மல்லாவிப் பஸ் நிற்கிற பக்கம் போய் நின்றாள். பஸ்ஸில் அவள் முன்சீற்றில் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் இருந்தாள். அவன் பின்னுக்கு நின்றுகொண்டு வந்தான்.

அன்றைக்குக் காவல் யோகலிங்கத்தின் சொந்த முறை. பின்னேரம் பழனியாண்டியின் படலையில் போய் நின்றான்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் போகேலுமோ? ஒரு கிழமைக்கு நான் வீட்டில படுக்கோணும். டொக்டர் சொன்னவர்."

பழனியாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அட, போங்க தம்பி, நானும் மகனும் பாத்துக்கிறோம். மூணு வருசமா இதத்தான் சொல்லணும்னு நெனச்சேன். பெரிய மனுசன்னு ஊரே சொல்லுது, நாம என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. லக்சிகா குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, காவலுக்குப் போகேல்லையோ?" என்று அதிசயமாகக் கேட்டாள். மகள் அப்படிக் கேட்கிற அளவுக்குத் தான் வாழ்ந்திருப்பது அவனைத் திரும்பவும் சுட்டது. அறைக்குள் போய் அலுமாரியின் முன்னால் நின்றான். பொன்னாடையின் குத்தூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கண்ணாடியில் ஒரு வயிறு வைத்த, கண் குழிந்த மனிதன் தெரிந்தான். ஆடையைச் சுருட்டி அலுமாரியின் மேலே எறிந்தான்.

வாசலில் சிவரூபி நின்றாள். நீளக் கைச் சட்டை இல்லை. பழைய குட்டைக் கை பிளவுஸ், அடித்தட்டு மடிப்புகளோடு. தழும்பு கழுத்திலும் தோளிலும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். மன்னித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. 

அவள் இரண்டு தலையணையையும் தட்டிப் போட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் தள்ளிப் படுத்தாள்.

"வந்து படுங்கோ" என்றாள். "நித்திரை வராட்டி முழிச்சுக்கொண்டு கிடவுங்கோ. பொய்க்கு மட்டும் குறட்டை விடாதேங்கோ."